கோட்டையில் முறியாத கால்

கட்டுமான வேலையில் விபத்து நடக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. கட்டுமானத் துறைக்கும் இல்லை. நடந்த பிறகு வருந்துவதைவிட, நடப்பதற்கு முன்பே வருந்தி முடித்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. அதற்காக வாங்கப்பட்டதுதான் கோட்டை.

அந்த வருடம் எல்லாத் துறைகளும் கணினியில் பாவனை செய்து பார்ப்பதில் இறங்கியிருந்தன. போக்குவரத்துத் துறை ஓடாத பேருந்துகளைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தது. குடிநீர்த் துறை வராத தண்ணீரைத் திரையில் திறந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இருப்பது நம் வீட்டில் இல்லையே என்ற ஏக்கம் அலுவலகங்களுக்கும் உண்டு. கட்டுமானத் துறைக்கென்று தனியாகச் செய்யச் சொன்னால் காலம் பிடிக்கும் என்பதால், கடையில் தயாராக இருந்த ஒன்றை வாங்கினார்கள். அது பிள்ளைகள் கோட்டை கட்டும் விளையாட்டு. பெட்டியின் மேல் தாடி வைத்த குள்ள மனிதன் ஒருவன் கடப்பாரையோடு நிற்கும் படம் இருந்தது. அதன்மேல் துறையின் முத்திரையை ஒட்டினார்கள். முத்திரைக்குக் கீழே தாடி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.

இதை விளையாட்டு என்று அழைப்போர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாயும் என்று சுற்றறிக்கை வந்தது. சரியான பெயர் 'முன்னறி கட்டுமானப் பாவனையகம்'. வாயில் நுழையாததால் எல்லோரும் கோட்டை என்றே சொன்னார்கள்.

வட்ட அலுவலகத்தில் கோட்டையை நடத்தும் பொறுப்பு உதவிப் பொறியாளரின் தலையில் வந்து விழுந்தது. ஒருமுறை நின்றுபோன அச்சு எந்திரத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டு அவள் ஓட வைத்திருந்தாள். அன்றிலிருந்து அவள் கணினி நிபுணர். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கோட்டையில் கட்டைவிரல் நகம் அளவு மனிதர்கள் திரிந்தார்கள். அவர்களைக் கையைப் பிடித்து வேலை வாங்க முடியாது. இங்கே தோண்டு, அங்கே சுவர் வை என்று குறிதான் போடலாம். யார் செய்வது, எப்போது செய்வது, எங்கே நின்று செய்வது எல்லாம் அவர்கள் இஷ்டம். இந்த ஒரு விஷயத்தில் கோட்டை நிஜமான கட்டுமானத்தை அப்படியே ஒத்திருந்தது.

முதல் வாரம் அகழி வெட்டினார்கள். ஆற்றுக்கும் அகழிக்கும் நடுவில் ஒரே ஒரு கல் பாக்கியிருந்தபோது அதை ஒருவன் பெயர்த்தான். ஆறு அகழிக்கு வந்தது. அகழி போதாமல் சமையல்கட்டுக்கும் வந்தது.

"இது யாரோட தப்பு?" என்று கேட்டார் செயற்பொறியாளர். அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர். நெற்றியில் எப்போதும் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார்.

"கடைசிக் கல்லை எடுத்தவன் தப்பு சார்," என்றாள் உதவிப் பொறியாளர்.

"கூப்பிடுங்க அவனை."

"தண்ணியோட போயிட்டான் சார்."

"போறதுக்கு முன்னாடி விளக்கம் ஏதாவது குடுத்தானா?"

"இல்ல சார். குமிழிதான் வந்துது."

அடுத்த வாரம் பழைய தரையைப் பெயர்க்கச் சொன்னதற்கு, ஒருவன் தான் நின்றிருந்த தரையையே பெயர்த்துக்கொண்டு பாதாளத்துக்குப் போனான். அதற்கடுத்து தூக்குப்பாலம். பாலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆறு பேர் அதன்மேல் ஏறி நின்றார்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏழாவது ஆள் நெம்புகோலை இழுத்தான். பாலம் மிகச் சரியாக இருந்தது. ஆறு பேரும், புல் மேய வந்திருந்த ஒரு மாடும் மதிலைத் தாண்டிப் பறந்தார்கள். மாடு மட்டும் பிழைத்தது. கூடவே பறந்து பார்த்த ஒரே சாட்சி என்பதால் அதை விசாரணை முடியும்வரை கொட்டடியை விட்டு வெளியே விடக் கூடாது என்று உத்தரவானது.

"நுனிமரத்துல உக்காந்து அடிமரத்தை வெட்டறவனுங்க," என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். துறை தொடங்கிய நாளிலிருந்து வந்த சுற்றறிக்கைகள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால் அவருக்கே சுற்றறிக்கை என்று பெயர். "எல்லாத்தையும் எதிர்பாராத விபத்துன்னு எழுதி அனுப்பிடலாம் சார்."

அனுப்பினார்கள். தலைமை அலுவலகம் கொதித்துப் போனது. விபத்துகளை எதிர்பார்ப்பதற்கென்றே வாங்கிய கோட்டையில் எதிர்பாராத விபத்து எப்படி நடக்கும்? அங்கே நடக்கும் எல்லாமே எதிர்பார்த்த விபத்துகள்தான். இந்த அடிப்படையில் ஒரு விதி பிறந்தது. கோட்டையில் நடந்த விபத்து, கட்டுமானத் தளத்திலும் நடந்தே தீரும். சம்பந்தப்பட்டோர் ஆயத்தமாக இருக்கவும். கோட்டையில் நடக்காத விபத்து, தளத்தில் நடக்க வழியில்லை. நடந்ததாகத் தெரியவந்தால் அது பணியாளரின் சொந்த விஷயம்.

விதியோடு ஒரு போட்டியும் வந்தது. எந்த வட்டத்தின் கோட்டையில் விபத்தே இல்லையோ அந்த வட்டத்துக்குக் கேடயம்.

செயற்பொறியாளர் ஒரு பகல் முழுக்க யோசித்தார். "வேலை செஞ்சாதானே விபத்து நடக்கும்?" என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

"நிறுத்துங்க."

கோட்டையில் எல்லா வேலையும் நின்றது. குட்டி மனிதர்கள் பெரிய மண்டபத்தில் கூடினார்கள். அரட்டை அடித்தார்கள். சாப்பிட்டார்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் புகார் சொன்னார்கள். சிலர் கல்யாணம் செய்துகொண்டார்கள். மண்டபத்தின் நடுவில் ஓர் ஆசனம் போட்டு, அதில் ஒருவனை உட்காரவைத்து, 'கோட்டைத் தலைவர்' என்று பெயரிட்டு, அது தன்னையே குறிக்கும் என்று பதிவு செய்யச் சொன்னார் செயற்பொறியாளர்.

சுற்றறிக்கை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "இப்பதான் சார் நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கு," என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார்.

கேடயத்துக்கு நடுவர்கள் வந்தால் கோட்டையைப் பெரிதாகக் காட்ட வேண்டாமா? கூட்ட அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை மாட்ட ஏற்பாடானது. சாரம் கட்டி ஏறியவர் துறையின் மேஸ்திரி. உதவிப் பொறியாளருக்குத் தாய்மாமா. அலுவலகத்துக்குள் அவளை மேடம் என்றும், வெளிவாசலைத் தாண்டியதும் கண்ணு என்றும் கூப்பிடுவார். இத்தனை வருடத்தில் தான் ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை என்று அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையைச் சாரத்தின் மேல் நின்று கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது விழுந்தார். நேராகச் செயற்பொறியாளரின் நாற்காலிமேல். அவர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். நாற்காலியின் கால் ஒன்றும் மாமாவின் கால் ஒன்றும் முறிந்தன.

நாற்காலி மறுநாளே மாற்றப்பட்டது. மரச்சாமான்கள் கோட்டை விதிக்குள் வரவில்லை.

மாமாவின் காலுக்கு முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டு போட்டார்கள். விபத்து விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தார். சுற்றறிக்கை அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"கோட்டையில இந்த மாதிரி யாரும் விழலியே மேஸ்திரி."

"நான் விழுந்தேனே சார்."

"நீங்க விழுந்தது தெரியுது. ஆனா விழ வழியில்ல. அதான் சிக்கல்."

வழியில்லாத காரணத்தால் மாமாவின் கால் முறியவில்லை என்றும், முறியாத காலோடு வீட்டில் இருப்பது முன்னனுமதி பெறாத வராமை என்றும், வரும் திங்கட்கிழமை சாரம் ஏறித் திரையின் மிச்ச வேலையை முடிக்காவிட்டால் பணிநீக்கம் என்றும் உத்தரவு போனது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. இப்போது வீட்டுக்கு அனுப்பினால் வெறுங்கையோடுதான் போக வேண்டும்.

அன்று மாலை மாமா வீட்டுக்குப் போன உதவிப் பொறியாளரை அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாம்மா. உங்க கோட்டையில மாடெல்லாம் பறக்குதாமே."

"அது போன மாசம் அத்தை."

"மாட்டுக்கே விசாரணை வைக்கிறீங்க. வீட்டு மனுசன் ஒருத்தர் விழுந்து கிடக்கார், அவருக்கு ஒண்ணுமே ஆகலன்னு காகிதம் வருது. நான் வேணும்னா மாவுக்கட்டை உடைச்சுக் காட்டட்டுமா?"

"விடு," என்றார் மாமா கட்டிலில் இருந்து. "கண்ணு என்ன பண்ணும், பாவம்."

"கண்ணுதானே அதை ஓட்டறா. அங்க ஒருத்தனைத் தள்ளிவிட்டாப் போச்சு."

அத்தை குத்தலாகத்தான் சொன்னாள். ஆனால் உதவிப் பொறியாளர் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஒரு கொத்தன் மண்டபத்தில் உயரத்தில் இருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டால் போதும். கேடயம் போகும். மாமாவின் வேலை தப்பும். தள்ளிவிடத்தான் வேண்டும் என்று தீர்மானித்தாள்.

மறுநாள் மதிய உணவு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனதும் கோட்டையைத் திறந்தாள். மண்டபச் சுவரின் உச்சியில் ஒரு கல் வைக்கச் சொல்லிக் குறி போட்டாள். சாரம் கட்டச் சொல்லவில்லை. ஒரு கொத்தன் எழுந்தான். பூனைபோல் ஏறினான், கல்லை வைத்தான், பூனைபோல் இறங்கினான். அதுவரை தடுக்கினால் விழுந்து செத்துக்கொண்டிருந்த ஜனம், இப்போது விழச் சொன்னால் விழ மறுத்தது.

அடுத்த நாள் அவன் ஏறியதும் ஏணியை எடுத்தாள். அவன் அவசரப்படவில்லை. உச்சியிலேயே உட்கார்ந்தான், தூங்கினான். பசி வந்ததும் கீழே இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே அவனுக்குப் படிக்கட்டு கட்டிச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவ்வளவு அக்கறை. அவளுக்கு அழுகை வந்தது.

அதற்கடுத்த நாள் அவனுக்குக் கீழே குழி வெட்டச் சொன்னாள். கொட்டடியை இடித்துக்கொண்டு வந்து மாடு விழுந்தது. விழுந்து, எழுந்து, போனது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கொத்தனை உச்சிக்கு அனுப்பிவிட்டு, அவன் நின்ற சுவரையே கீழிருந்து இடிக்கச் சொன்னாள். இந்த முறை அவன் விழுந்தான். நன்றாக, நெட்டுக்குத்தாக விழுந்தான். கீழே மண்டபத்தின் நடுவில் ஆசனத்தில் கோட்டைத் தலைவர் உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாத கோட்டையில் தலைவருக்கு எழுந்து போகவும் இடமில்லை. கொத்தன் அவர்மேல் விழுந்ததால் ஒரு கீறலும் இல்லாமல் எழுந்தான். தூசியைத் தட்டிக்கொண்டு சாப்பிடப் போனான்.

தலைவர் எழுந்திருக்கவில்லை.

திரையின் மேல் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி ஓடியது. கோட்டையில் நடந்ததை அழிக்க முடியாது. அந்த நொடியே அது தலைமை அலுவலகத்துக்கும் போய்விடும்.

டீ குடித்துவிட்டு வந்த செயற்பொறியாளர் சிவப்பு வரியை இரண்டு முறை படித்தார்.

"நானா?"

"கோட்டைத் தலைவர் சார்."

"அது நான்தானே?"

சுற்றறிக்கை விதியின் முதல் பாதியை மெதுவாகச் சொன்னார். கோட்டையில் நடந்த விபத்து தளத்திலும் நடந்தே தீரும். சம்பந்தப்பட்டோர் ஆயத்தமாக இருக்கவும்.

கேடயம் என்ற சொல்லே அதன்பின் செயற்பொறியாளரின் வாயில் வரவில்லை. அலுவலகக் கட்டடத்தில் பூச்சு வேலை, வெள்ளையடிப்பு எல்லாவற்றையும் நிறுத்தினார். கொத்தனார்கள் யாரும் தரைத்தளத்தைத் தாண்டி ஏறக் கூடாது என்றார். மேசையை மாடிப்படிக்கு அடியில் போடச் சொன்னார். மேலே ஆள் நடக்கும் சத்தம் கேட்டதும் அங்கிருந்தும் எடுக்கச் சொன்னார். தலைக்குமேல் எதுவுமே இல்லாத இடம் பின்வாசல் முற்றம்தான். அங்கே மேசையைப் போட்டு, வெயிலில் தலைக்கவசத்தோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். காக்கை ஒன்று கடந்து போனாலும் நிமிர்ந்து பார்த்தார்.

உதவிப் பொறியாளர் அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒண்ணு சொல்லலாமா? அந்த விபத்து இனிமே நடக்கணும்னு இல்ல. ஏற்கெனவே நடந்துடுச்சு."

"எப்ப?"

"கூட்ட அறையில, உயரத்துல இருந்து, ஒரு மேஸ்திரி, உங்க நாற்காலி மேலேயே விழுந்தாரே சார். நீங்க டீக்குப் போயிருந்தீங்க. அதுதான் இது. முன்ன பின்ன ஆயிடுச்சு, அவ்வளவுதான். ரெண்டும் ஒரே விபத்துன்னு எழுதிட்டா, முடிஞ்சுபோன கணக்கு."

செயற்பொறியாளர் தலைக்கவசத்தைக் கழற்றினார். நெற்றியில் இருந்த கேள்விக்குறியைப் பல வருடங்களுக்குப் பிறகு காணவில்லை.

"அப்ப எனக்கு இனிமே ஒண்ணும் ஆகாது?"

"ஒருதடவை நடந்தது மறுபடி நடக்காது சார்," என்றார் சுற்றறிக்கை. "அதுக்கு விதியில இடமில்ல."

அங்கேயே, வெயிலிலேயே எழுதினார்கள். கோட்டையில் நடந்த விபத்தும் கூட்ட அறையில் நடந்த விபத்தும் ஒன்றே எனவும், எள்ளளவும் வேறுபாடு இல்லை எனவும், இவ்வட்டம் அவ்விபத்தை முழுமனதோடு ஏற்கிறது எனவும் செயற்பொறியாளர் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். எள்ளளவும் என்ற சொல்லை அவரே சேர்த்தார். அன்று சாயங்காலம் மாமா வீட்டில் அத்தை உதவிப் பொறியாளருக்குக் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். விபத்து ஏற்கப்பட்டால் விடுப்பு தானாக வந்துவிடும். மாமா மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே, அந்தக் குட்டிக் கொத்தன் விழுந்த உயரம் தான் விழுந்த உயரத்தைவிடக் குறைவுதான் என்று அடித்துச் சொன்னார்.

தலைமை அலுவலகத்தின் பதில் தாமதமின்றி வந்தது.

'தங்கள் வட்டத்தின் விபத்து, கோட்டைப் பதிவின்படி உள்ளது உள்ளவாறே ஏற்கப்படுகிறது. விழுந்த கொத்தனார் சிறு கீறலுமின்றித் தப்பியது குறித்து இவ்வலுவலகம் பெருமகிழ்ச்சி அடைகிறது. அன்னார் உடனடியாகப் பணிக்குத் திரும்பலாம். தலைவர் பணியின்போது உயிர்நீத்தது குறித்து ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. அப்பொறுப்பை உதவிப் பொறியாளர் வரும் திங்கள் முதல் ஏற்க வேண்டும்.'

செயற்பொறியாளர் கடிதத்தை மேசைமேல் வைத்தார். "நான் உயிரோடதானேய்யா இருக்கேன்?"

"எனக்குத் தெரியுது சார்," என்றார் சுற்றறிக்கை. மரியாதை குறையாமல்தான் சொன்னார். ஆனால் எழுந்து நிற்கவில்லை. "எள்ளளவும் வேறுபாடு இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"செத்தவன் எப்படி எழுதுவான்?"

"அதை நானும் பார்த்தேன் சார். அந்தக் கேள்வியை எழுப்பினா, செத்தவர் கையெழுத்துல போன காகிதம் செல்லாதுன்னு ஆகும். அப்புறம் விபத்து இன்னும் நடக்கலன்னு ஆகும். நடக்க வேண்டிய பாக்கி உங்களுக்குத்தான் இருக்கு. யோசிச்சுக்குங்க."

செயற்பொறியாளர் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "அப்ப நான் இப்ப யாரு?"

"பொதுமக்கள்ல ஒருத்தர் சார். பார்வை நேரம் மூணு மணிக்கு மேல. வெளியில பெஞ்ச் இருக்கு."

திங்கட்கிழமை காலை உதவிப் பொறியாளர் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் மெருகு வாசனை போகாத நாற்காலி. அவள் வருகிறாள் என்று நடைக்கூடத்தில் ஒருவருக்கொருவர் சைகை காட்டிக்கொண்டார்கள். வந்ததும் பேச்சு நின்றது. டீ ஆறாமல் வந்தது. இதெல்லாம் தனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மாமாவும் அத்தையும் முதல் ஆட்களாக உள்ளே வந்தார்கள். மாமா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "வணக்கம் மேடம்."

"உக்காருங்க மாமா."

"இனிமே யாரையும் தள்ளிவிட வேண்டாம்," என்றாள் அத்தை. "கையெழுத்து போடறவளே நீதான். இவருக்குக் காலு முறிஞ்சுதுன்னு ஒரு வரி எழுதிடு. நாங்க போறோம்."

ஒரு வரிதான். அவள் காகிதத்தை இழுத்துப் பேனாவின் மூடியைத் திறந்தாள். சுற்றறிக்கை அவள் தோள்பக்கம் குனிந்தார்.

"தாராளமா எழுதலாம் மேடம். ஒரு சின்ன விஷயம் மட்டும். கொத்தனாருக்குக் காலு முறிஞ்சுதுன்னா, ஏத்துக்கிட்ட விபத்து தப்புன்னு ஆகும். அது தப்புன்னா தலைவர் சாகலன்னு ஆகும். சாகலன்னா..." அவர் கதவுப்பக்கம் பார்த்தார்.

கதவு இடுக்கில் பெஞ்ச் தெரிந்தது. செயற்பொறியாளர் அதன் ஓரத்தில் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணிக்காகக் காத்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் எந்த நிமிடமும் எழுந்து உள்ளே வந்துவிடுவார் போல இருந்தது.

உதவிப் பொறியாளர் பேனாவைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். மாமாவின் மாவுக்கட்டைப் பார்த்தாள். அதில் யாரோ பிள்ளைகள் பூப் போட்டிருந்தார்கள். பிறகு, அலுவலகத்தில் அதுவரை யாரும் கேட்டிராத கனிவான குரலில் கேட்டாள்.

"மாமா, இப்ப வலி எப்படி இருக்கு?"

எந்த அதிகாரியும் மாமாவிடம் இப்படிக் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பரவாயில்ல கண்ணு. நேத்திக்கு இன்னிக்கி தேவலை."

"தேவலையா?"

"நல்லாவே தேவலை. நான் என்ன சாதாரண ஆளா?"

அவள் எழுதினாள். பணியாளர் நேரில் வந்தார். நலமாக உள்ளதாகத் தாமே தெரிவித்தார். மூடியைப் போட்டு மூடினாள். அத்தை வாயைத் திறப்பதற்குள் மேசைமேல் இருந்த மணியை அடித்தாள்.

"நீங்க சாரம் ஏறும்போது ஏணியைப் பிடிச்சுக்க ஒரு ஆளைப் போடச் சொல்றேன் மாமா. நல்ல ஆளா."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தவர் அத்தையின் பக்கம் திரும்பினார்.

"பார்த்தியா? உக்காந்த அன்னிக்கே எனக்குன்னு ஒரு ஆளைப் போட்டுட்டா. சொந்தம்னா சும்மாவா?"